பிரான்மலை ஏறப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மலை என்றால் ஒரு தனி ஏக்கம் உண்டு. நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்மண், பொட்டல், கண்மாய், ஊருணி, நடுவில் வானளாவ ஒரு கோபுரம், அவ்வளவுதான். அதனால் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்து இறங்கியதும், வீடுகளையெல்லாம் பார்த்து முடித்த மூன்றாம் நாள், "பக்கத்துல ஏறுற மாதிரி மலை ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. பிரான்மலை. பன்னிரண்டு வருடமாக நான் ஏறிக்கொண்டிருக்கிறேன், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது. என்னிடம் கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லும் பதில்களையே இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

பிரான்மலை எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

சிவகங்கை மாவட்டம், சிங்கம்புணரிக்குப் பக்கத்தில். காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர், அங்கிருந்து சிங்கம்புணரி, பிறகு பிரான்மலை. திருப்பத்தூர் என்றதும் வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரை நினைத்துவிட வேண்டாம், இது நம் ஊர்த் திருப்பத்தூர். பேருந்தில் போகிறவர்கள் திண்டுக்கல் வண்டியில் ஏறிச் சிங்கம்புணரியில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து பிரான்மலைக்கு டவுன் பஸ், இல்லாவிட்டால் ஆட்டோ. விடியற்காலையில் ஏற வேண்டும் என்றால் பேருந்தை நம்ப முடியாது. கார் அல்லது பைக்தான் சரிப்படும்.

எவ்வளவு உயரம்? எவ்வளவு நேரம் ஆகும்?

கடல் மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு மேல். கேட்க அதிகமாகத் தெரியாது, கொடைக்கானலைப் பார்த்தவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். ஆனால் கொடைக்கானலில் பஸ் ஏறுகிறது, இங்கே நாம்தான் ஏறுகிறோம். எனக்கு மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறவர்களுக்கு இரண்டு, இரண்டரை. ஆரம்பத்தில் படிகள் இருக்கின்றன, அதை வைத்துக் கடைசி வரை படிதான் என்று நினைக்கக் கூடாது. அப்புறம் கல்லும் வேரும் முள்ளும்தான் பாதை, சில இடங்களில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். இறங்குவதற்கும் கிட்டத்தட்ட அதே நேரத்தை ஒதுக்கிவையுங்கள், ஏனென்றால் முழங்கால் பேசத் தொடங்குவது இறங்கும்போதுதான்.

எந்த மாதம் போகலாம்?

மார்கழி, தை. என்னைக் கேட்டால் இதைத் தவிர வேறு பதில் இல்லை. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், கண்மாய்களில் தண்ணீர் நிற்கும், பாறை கொதிக்காது. மாசி முதல் வாரம் வரை தாங்கும். பங்குனியிலிருந்து ஆவணி வரை காலை ஒன்பது மணிக்கு மேல் இந்த மலையில் இருக்கவே கூடாது என்பேன், அக்னி நட்சத்திரத்தில் நினைத்தே பார்க்க வேண்டாம். ஐப்பசியில் அடைமழை நாளில் பாறை வழுக்கும், இடியும் இருக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் தடவை நான் போனது ஒரு பங்குனி மாதம், சித்தப்பா மகனோடு. வீட்டில் பணியாரம் சாப்பிட்டு, நிதானமாகக் கிளம்பி, அடிவாரத்துக்கு வரும்போதே மணி பத்து. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாதி மலைக்கு முன்பே அது தீர்ந்துபோயிற்று. ஊன்றிய உள்ளங்கையைப் பாறை சுட்டது. அவன் உதடு காய்ந்து, வியர்ப்பதே நின்று, "அண்ணே, தலை சுத்துது" என்று ஒரு உசிலை மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அந்த நேரம் ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு அப்பத்தா வந்தார். "ஏந்தம்பி, இந்த வெயில்லயா ஏறுவாக?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, இடுப்பில் அணைத்திருந்த தூக்குவாளியைத் திறந்து அதன் மூடியில் நீராகாரத்தை ஊற்றி அவன் கையில் கொடுத்தார். அடியில் நாலு பருக்கை, உப்பு, நறுக்கின சின்ன வெங்காயம். அவன் மூன்று மூடி குடித்தான். தன் மதியச் சாப்பாடு அது என்று அவர் சொல்லவே இல்லை, காலி வாளியை அவர் கவிழ்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. "மலை எங்கயும் போயிராது. இறங்குங்க, இன்னொரு நாளைக்கு வெள்ளன வாங்க" என்றார். இறங்கிவிட்டோம். அடுத்த தையில் வெள்ளன போய் ஏறினோம்.

எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும்?

ஐந்தரை, ஆறு. காரைக்குடியிலிருந்து நாலேகாலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்? மலையில் தண்ணீர் கிடைக்குமா?

தை மாதத்தில் ஆளுக்கு இரண்டு லிட்டர், வெயில் காலத்தில் மூன்று. பாட்டில் கனக்கிறது என்று காரில் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வழியில் கடை கிடையாது. மழைக்குப் பிறகு பாறைக் குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும், கண்ணாடி மாதிரி தெளிவாகவும் இருக்கும். ஆனால் அது குரங்கும் பறவையும் ஆடும் குடிக்கிற தண்ணீர். முகம் கழுவக்கூட அதில் கையை விடாமல், சோப்பு எண்ணெய் எதுவும் படாமல் விட்டுவைப்பதுதான் நியாயம்.

இந்தக் குழிகளைப் பார்க்கும்போதெல்லாம் பாரியின் நண்பரான சங்கப் புலவர் கபிலர் நினைவுக்கு வருவார். புறநானூறு 109இல் பாரியின் மலையை அவர் வானத்துக்கு ஒப்பிடுகிறார், மலையில் இருக்கிற சுனைகளை வானத்து மீன்களுக்கு. காலை வெயில் சாய்வாக விழும் ஏழு மணி வாக்கில் பாறைச் சரிவைத் திரும்பிப் பாருங்கள், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தண்ணீர் மினுங்கும். உவமை கற்பனையில் வந்ததல்ல, ஏறிப் பார்த்தவர் எழுதியது என்று அந்த இடத்தில் தோன்றும்.

அப்படியென்றால் பாரியின் பறம்புமலை இதுதானா?

ஆம், பறம்புமலை என்று வழிவழியாகச் சொல்லப்படுவது பிரான்மலையைத்தான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி. பறம்பு நாட்டில் முந்நூறு ஊர்கள் என்றும், அத்தனையும் கேட்டு வந்தவர்களுக்கே போய்விட்டது என்றும் கபிலர் பாடுகிறார். மூவேந்தரும் மலையைச் சுற்றி முற்றுகை போட்டபோது, உழாமலே கிடைக்கும் நான்கு இந்த மலையில் உண்டு, உங்களால் பட்டினி போட முடியாது என்று அவர்களிடமே சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பறவைகள் வெளியே பறந்துபோய் நெற்கதிர் கொண்டுவந்த கதை அகநானூற்றில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள்தான் இவை. ஆனால் செங்குத்தான அந்தப் பாறையடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் மூன்று பெரிய படைகள் ஏன் நாள்கணக்கில் கீழேயே நிற்க வேண்டியிருந்தது என்பது விளங்கும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் இந்தக் கதையை வீட்டிலேயே சொல்லிவிடாதீர்கள், அங்கே போய்ச் சொல்லுங்கள்.

மேலே அப்படி என்ன இருக்கிறது?

ஒரு முருகன் கோயிலும் ஷேக் அப்துல்லா ஒலியுல்லா தர்காவும் இருக்கின்றன. மலைமேல் இரண்டுக்கும் மக்கள் போகிறார்கள், பல பேர் இரண்டுக்குமே போகிறார்கள். நேர்த்திக்கடனுக்காகச் செருப்பில்லாமல் ஏறி வந்த ஒரு குடும்பம் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தர்காவிலும் சர்க்கரை வைத்து ஓதி வாங்கிக்கொண்டு, அதை எங்களுக்கும் பிட்டுக் கொடுத்தது. இந்தப் பக்கத்தில் அது பேசும் விஷயமே இல்லை, எப்போதும் இருக்கிற வழக்கம்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப ஏறுவது வேறு ஒன்றைப் பார்க்க. கண்மாய்.

தரையில் இருக்கும்போது கண்மாய் என்றால் நமக்கு ஒரு கரை, கொஞ்சம் தண்ணீர், கரைமேல் ஒரு அய்யனார். முழு உருவத்தையும் நாம் பார்த்ததே இல்லை. மேலே போய்க் கிழக்குப் பக்கம் பார்த்து உட்காருங்கள். மழை பெய்த வருடத்துத் தை மாதம் என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்த் துண்டுகள், ஒவ்வொன்றின் கரையும் ஒரே மாதிரி வளைந்து, பாதி நிலாவைக் கவிழ்த்து வைத்ததுபோல. நன்றாகக் கவனித்தால் அவை தாறுமாறாகக் கிடக்கவில்லை என்பது தெரியும். மேட்டில் இருக்கிற கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு என்கிற கல்வாய் வழியாக மறுகால் பாயும், அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு, அதன் மறுகால் அதற்கடுத்ததற்கு. ஒரு சொட்டும் சும்மா ஓடிவிடாதபடி நூற்றுக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் யாரோ சரிவைக் கண்ணாலேயே அளந்து கோத்திருக்கிறார்கள். பெரிய ஆறு எதுவும் வற்றாமல் ஓடாத நம் சீமையில் நெல் விளைந்தது இதனால்தான். நம் வளவு வீடுகளில் ஓட்டுத் தண்ணீரை முற்றத்தில் இறக்கி அண்டாவில் பிடிப்பதும், ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிச் சுற்றிலும் கல் கட்டியதும் இதே புத்திதான்.

இந்த வளைவையும் கபிலர் விடவில்லை. புறநானூறு 118இல், பாறையையும் குன்றையும் சேர்த்துக் கட்டிய சிறுகுளம் ஒன்றைச் சொல்கிறார், எட்டாம் நாள் நிலவுபோல வளைந்த கரை, தெளிந்த தண்ணீர். பாரி போன பிறகு காப்பார் இல்லாமல் அந்தக் கரை உடைகிறது. அதுதான் பாட்டு. மேலேயிருந்து பார்க்கும்போது தண்ணீர் மினுங்காமல் கரும்பச்சையாகத் தெரியும் இடங்களும் உண்டு, அவை சீமைக்கருவேலம் மூடிப்போன கண்மாய்கள். பன்னிரண்டு வருடத்தில் நானே பார்க்கப் பார்க்க ஒன்றிரண்டு அப்படி மாறியிருக்கின்றன. ஊர்க்காரர்கள் சேர்ந்து முள்ளை வெட்டித் தூர்வாரி மறுபடியும் தண்ணீர் மினுங்கத் தொடங்கிய ஒன்றையும் பார்த்திருக்கிறேன், அந்த வருடம் மேலே அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மேற்கே திரும்பினால் கரந்தமலைப் பக்கத்து மலைவரிசை தெரியும். பனி இல்லாத நாளில் நீலமாக, அடுக்கடுக்காக.

கோயிலைப் பார்க்காமல் நேராக மலை ஏறலாமா?

ஏறலாம், ஆனால் இறங்கி வந்த பிறகாவது பார்த்துவிட்டுப் போங்கள். திருக்கொடுங்குன்றம் என்பது இந்தத் தலத்தின் தேவாரப் பெயர், பாண்டி நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று, சம்பந்தர் பாடியது. மழைமேகத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிக் கூனல்பிறை வந்து சேர்கிற குளிர்ந்த சாரல் என்று பதிகம் தொடங்குகிறது, மார்கழி விடியலில் ஏறினால் அந்த வரியிலேயே நடப்பதுபோல இருக்கும். கோயில் மூன்று நிலையாக மலையோடு ஒட்டி உயர்கிறது. கீழே கொடுங்குன்றநாதர், நடுவில் விசுவநாதர், மேலே குடைவரையில் மங்கைபாகர். மேல்நிலையில் அம்மனுக்குத் தேனாம்பாள் என்று பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒரு தேனம்மை இருப்பார்கள், என் ஆயா பெயரும் அதுதான், அதனால் அந்தச் சந்நிதியில் எனக்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆகிவிடும். கோயில் குன்றக்குடி ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், எனவே பதினோரு மணிக்குள் இறங்கி வருகிற மாதிரி திட்டம் போட்டால் இரண்டும் நடக்கும்.

வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் வரலாமா?

கோயில் வரை தாராளமாக. உச்சிக்கு வேண்டாம். எட்டு வயதுக்கு மேல் ஓடியாடுகிற பிள்ளைகள் ஏறிவிடுவார்கள், பெரியவர்களைவிடச் சீக்கிரமே ஏறுவார்கள், ஆனால் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிற மலை இது இல்லை. நெஞ்சுவலி, ரத்தக்கொதிப்பு, முழங்கால் தேய்மானம் இருக்கிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏறக் கூடாது.

அவர்களை விட்டுவிட்டுப் போக மனம் வராதவர்களுக்கு வேறு இரண்டு இடம் சொல்கிறேன். குன்றக்குடி, காரைக்குடியிலிருந்து 10 கி.மீ.தான், மயில் வடிவத்தில் இருப்பதால் மயூரகிரி. நல்ல படிக்கட்டு, மேலே சண்முகநாதர், அடிவாரத்தில் பழைய குடைவரைகள், சாயங்காலக் காற்று. பழனிக்குக் காவடி எடுக்கும் நகரத்தார் தைப்பூசத்துக்குக் கூடிப் புறப்படுவதும் அங்கிருந்துதான். இன்னொன்று திருமயம், 1687இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை, பாறைமேல் நிதானமாக நடந்து சுற்றலாம், கீழே சிவனும் பெருமாளும் அடுத்தடுத்த குடைவரைகளில்.

குரங்கு, தேனீ, பாம்பு?

குரங்கு நிச்சயம் உண்டு. பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் வந்துவிடும். எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு மூடிவையுங்கள், கையில் எதுவும் வேண்டாம், தின்னவும் கொடுக்காதீர்கள். பாறை இடுக்குகளில் தேனடை தொங்கினால் சத்தம் போடாமல் விலகிப் போய்விட வேண்டும், கல் எறிவது, புகை போடுவது, சிகரெட் எதுவும் கூடாது. மலைத்தேனீ ஒன்று கொட்டினால் கூட்டமே வரும், அந்த இடத்தில் ஓடவும் வழியில்லை. பாம்பு விஷயத்தில் ஒன்றுதான்: பார்க்காத இடத்தில் கையை வைக்காதீர்கள். புதர் ஓரத்துக் கல்லில் உட்காருவதற்கு முன் குச்சியால் இரண்டு தட்டு.

செருப்பா, ஷூவா?

பிடிப்புள்ள ஷூ. புது ஷூவை அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள். முள் குத்தும், எனவே முழுக்கால் பேன்ட் போட்டுக்கொள்ளலாம். வேஷ்டி, சேலையில் உள்ளூர்க்காரர்கள் சாதாரணமாக ஏறுவார்கள், அது பழக்கம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கட்டுச்சோறுதான். புளியோதரை கெடாது, கனக்காது. கூட மாவுருண்டை நாலு, பயறும் வெல்லமும் நெய்யும் சேர்ந்தது, மலை ஏறுகிறவனுக்கு அதைவிட நல்ல தீனி எனக்குத் தெரியாது. சீடை, தேன்குழல் தாகத்தைக் கிளப்பும், அவை இறங்கி வந்த பிறகு. அந்த அப்பத்தா கொடுத்ததற்குப் பிறகு நான் ஒரு பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோரோ நீராகாரமோ எப்போதும் வைத்திருக்கிறேன், வெறும் தண்ணீரைவிட அது உடம்பை நிறுத்தும். இலை, பேப்பர், பாட்டில் எல்லாவற்றையும் அதே பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். மேலே குப்பைத்தொட்டி இல்லை, கூட்டிப் பெருக்க ஆளும் இல்லை. நான் ஒரு காலிச் சாக்கு கொண்டுபோவேன், இறங்கும்போது வழியில் கிடப்பதையும் பொறுக்கிக்கொள்வேன், போன தையில் பாதிச் சாக்கு நிரம்பியது.

தனியாகப் போகலாமா? இரவு மேலே தங்கலாமா?

தனியாக வேண்டாம். கால் பிசகினால் தூக்க ஆள் வேண்டும், சில இடங்களில் போனில் சிக்னலும் இருக்காது. மூன்று பேராவது போங்கள், பெண்கள் மட்டும் போவதாக இருந்தால் ஊரில் விசாரித்து வழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், விசேஷ நாள்களில் கூட்டம் இருப்பதால் அன்றைக்குப் பயமில்லை. இரவு தங்குவது, அடுப்பு மூட்டுவது இரண்டும் கூடாது. பங்குனி சித்திரையில் காய்ந்த புல் ஒரு பொறிக்குக் காத்திருக்கும்.

இறங்கி வந்த பிறகு வழியில் வேறு என்ன பார்க்கலாம்?

சிங்கம்புணரியில் சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில். திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவிடம், 1801 அக்டோபர் 24 அன்று அவர்களைத் தூக்கிலிட்டது அந்த ஊரில்தான், ஐந்து நிமிடமாவது இறங்கி நின்றுவிட்டு வாருங்கள். நேரம் இருந்தால் மதுரைச் சாலையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம், தை மாதத்தில் நாரையும் கொக்கும் மரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். பறவைகள் பயந்துவிடும் என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை.

திரும்பும்போது வண்டி ஓட்டாதவர்கள் பின்னால் பார்த்துக்கொண்டே வாருங்கள். இங்கே நிற்கிறவர்களுக்கும் மலை தெரியும், கொஞ்ச தூரம் போய் நிற்கிறவர்களுக்கும் தெரியும் என்று, பாரியின் பெண்பிள்ளைகளோடு மலையை விட்டுப் போகும் கபிலர் புறநானூறு 114ஆம் பாட்டில் சொல்கிறார். சிங்கம்புணரி தாண்டியும் தெரியும். எந்த வளைவில் மறைகிறது என்று ஒவ்வொரு தடவையும் குறித்துவைக்கப் பார்க்கிறேன், அதற்குள் ஒரு புளியமரம் வந்து மறைத்துவிடும், அது விலகினதும் திரும்பவும் கொஞ்சம் தெரியும்.